கண் கேமராவுக்கு வந்த படம்

சின்னவளை அவளுக்குத் தெரியாமல் படம் எடுப்பது நடக்கிற காரியமே இல்லை. சிறு வயதிலிருந்தே அப்படித்தான். படித்துக்கொண்டிருக்கிறாளே, கவனிக்க மாட்டாள் என்று நம்பிக் கதவுக்குப் பின்னாலிருந்து கேமராவை நீட்டினால், புத்தகத்திலிருந்து தலையைத் தூக்காமலே நாக்கை நீட்டுவாள். தூங்குகிறாள் என்று பக்கத்தில் போனால் ஒரு கண்ணை மட்டும் திறப்பாள். அக்கா கேமராவைத் தொட்டாலே போதும், அவளுக்கு மூக்கில் வேர்த்துவிடும். பெரியவள் தொழில் கற்றுக்கொண்டதே இந்தக் கழுதையைத் துரத்தித் துரத்தித்தான். இவளிடம் பழகிய கைக்கு மற்றவர்களெல்லாம் எம்மாத்திரம்?

அந்தக் கைதான் இப்போது பெரியவளுக்குச் சோறு போடுகிறது. கல்யாண வீடுகளில் கேண்டிட் படம், அதாவது யாரையும் போஸ் கொடுக்க வைக்காமல் இயல்பாக எடுக்கிற படம், எடுக்கிறாள். ஒரு தையல் கடைக்கு மேலே மாடியில் சின்ன ஸ்டுடியோ. ஒரு மேஜை, ஒரு பெரிய திரை, வருகிறவர்கள் உட்கார ஒரு சோபா, அவ்வளவுதான். ஊரார் கல்யாணத்தையெல்லாம் இவ்வளவு அழகாக எடுப்பவளுக்குச் சொந்தக் கல்யாணம் மட்டும் பாதியில் முறிந்துவிட்டது என்று உறவுக்காரர்கள் உச்சுக்கொட்டுவார்கள். அது தானாக முறியவில்லை, அவள்தான் முறித்தாள். அதற்கு அவளிடம் காரணங்கள் இருந்தன, கோர்ட்டும் அவற்றைக் கேட்டு ஒத்துக்கொண்டது. அப்பா மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை. விவாகரத்துத் தீர்ப்பு வந்த நாளிலிருந்து அவர் பெரியவளோடு பேசுவதில்லை. அம்மா பேசுவாள், அதுவும் அப்பா குளிக்கப் போகிற நேரமாகப் பார்த்து. குழாய்ச் சத்தம் நின்றால் போனும் நின்றுவிடும். இந்தக் குழாய்த் தண்ணீர் உறவைத் தவிர அவளுக்கு வீடென்று மிச்சமிருந்தது தங்கை ஒருத்திதான்.

அந்தத் தங்கை ஒரு நாள் மாடிப்படி ஏறி மூச்சு வாங்க வந்து நின்றாள்.

"அக்கா, எனக்குக் கல்யாணம் முடிவாயிடுச்சு. படம் நீதான் எடுக்கணும்."

"அப்பா?" என்று மட்டும் கேட்டாள் பெரியவள்.

"அப்பாகிட்ட பேசிட்டேன். சரின்னுட்டார்."

அப்பா சரியென்றுவிட்டார்! பெரியவளுக்குத் தலைகால் புரியவில்லை. கல்யாணத்துக்குப் போகலாம், அம்மா பக்கத்தில் நிற்கலாம், அப்பா முகம் கொடுத்துப் பேசாவிட்டாலும் ஒரே மேடையில் நின்றாக வேண்டுமே, அப்புறம் பேசாமலா போய்விடுவார்? நாலு நிமிடத்தில் அவள் மனசு வீட்டுக்குள்ளே போய்ச் சமையலறையில் உட்கார்ந்து கதை பேச ஆரம்பித்துவிட்டது. அவளைச் சொல்லிக் குற்றமில்லை. அவளுக்கு அந்தக் கல்யாணம் கிடைத்தது வேலையாக அல்ல, வீட்டுக்குத் திரும்பிப் போக ஒரு வழியாக.

கண்ணைத் துடைத்துக்கொண்டு, "எந்த ஸ்டைல் வேணும் உனக்கு?" என்றாள்.

"கேண்டிட்தானே? அதுல என்ன ஸ்டைல்?"

இந்தக் கேள்வியை யாராவது கேட்டுவிட்டால் பெரியவளை நிறுத்த முடியாது. எழுந்து நின்றுகொண்டாள்.

"எல்லாம் ஒண்ணுன்னு நெனைக்காத. மூணு வகை இருக்கு. ஒண்ணு, தூரத்துல இருந்து பெரிய லென்ஸ் போட்டு முகம் முகமா பிடிக்கிறது. பின்னாடி எல்லாம் மங்கலா, பாக்க அம்சமா இருக்கும். ஆனா கல்யாணம் மண்டபத்துல நடந்துச்சா மொட்டை மாடியில நடந்துச்சான்னே தெரியாது. ரெண்டாவது, சொல்லிச் செய்ய வைக்கிறது. 'மாப்பிள்ளை, பொண்ணு காதுல ஏதாவது சொல்லுங்க. பொண்ணு, நீங்க வெக்கப்படுங்க'ன்னு சொல்லிட்டு, அவங்க வெக்கப்பட்டதும் ஏதோ தெரியாம எடுத்த மாதிரி எடுத்துக்கறது."

"அது ஏமாத்து வேலையாச்சே!"

"ஊர்ல முக்காவாசி கேண்டிட் அதுதான்டி. மூணாவதுதான் அசல். யாரையும் சிரிக்கச் சொல்லக் கூடாது, குறுக்க கிடக்கிற நாற்காலியக்கூட நகத்தக் கூடாது. சுவரோட சுவரா நிக்கணும். முடிஞ்சப்புறம், அங்க போட்டோக்காரி ஒருத்தி இருந்தான்னே யாருக்கும் ஞாபகம் வரக் கூடாது. எடுத்த படத்துலயும் எதையும் அழிக்கக் கூடாது. ஒரே ஒரு விஷயம்தான் அந்தப் படத்துக்கு ஆகாது. யாராவது நேரா லென்ஸப் பாத்துட்டா படம் செத்துச்சு. கண் கேமராவுக்கு வந்துடுச்சுன்னு தூக்கிப் போட்டுடுவோம்."

சின்னவள் சோபாவின் ஓரத்தில் பிய்ந்திருந்த நூலை இழுத்துக்கொண்டிருந்தாள். அப்புறம், "மூணாவது" என்றாள்.

"யோசிச்சுச் சொல்லு. எல்லாரும் ரெண்டாவதுதான் கேப்பாங்க."

"யோசிச்சுட்டேன் அக்கா. மூணாவதுதான் வேணும். நீ யார்கிட்டயும் பேச வேண்டாம். நீ இருக்கறதே யாருக்கும் தெரிய வேண்டாம்."

"நாக்கை நீட்டாம இருப்பியா?"

"சத்தியமா. உன் பக்கம் பாக்கவே மாட்டேன்."

பெரியவள் தங்கையைக் கட்டிக்கொண்டாள். இத்தனை காலத்தில் ஒரு வாடிக்கையாளர்கூடக் கேட்டு வாங்காத வகையை, கூடப் பிறந்தவள் கேட்டுவிட்டாள். தன்னைப் புரிந்துகொண்ட ஒரே ஜீவன் என்று அன்றைக்கு முழுக்கப் பூரித்துப் போயிருந்தாள், பாவம்.

கல்யாணம் மாப்பிள்ளை ஊரில். அம்மா குழாய்ச் சத்தத்துக்கு நடுவே போன் செய்து சொன்னாள்: "கறுப்புச் சட்டையே போட்டுட்டு வந்துடும்மா. ஓடியாடி வேலை செய்ய அதானே வசதி? குடும்பப் படம் எடுக்கறப்போ மாத்திக்கலாம்." அம்மாவுக்குத் தன் தொழிலைப் பற்றி இவ்வளவு தெரிந்திருக்கிறதே என்று அதற்கும் பெரியவள் மகிழ்ந்தாள். மயில் நிறத்தில் ஒரு பட்டுப்புடவை வாங்கினாள். கேமராப் பையில், லென்ஸ்களுக்குப் பக்கத்தில், கசங்காமல் மடித்து வைத்தாள்.

மண்டபம் பெரியது. வாசல் முழுக்கப் பூ, உள்ளே வரிசை வரிசையாக நாற்காலி, மேடையில் கண்ணைக் கூசவைக்கும் விளக்குகள். மேடைப் படம் எடுக்க மாப்பிள்ளை வீட்டார் ஒருவரை வைத்திருந்தார்கள். மேடைக்காரர் என்றே வைத்துக்கொள்வோம். அவருக்கு வாய் ஓயாது. "சார், தலைய கொஞ்சம் தூக்குங்க! அம்மா, சிரிங்க, சிரிச்சா காசு கேக்க மாட்டேன்!" என்று மண்டபத்தையே மேய்த்துக்கொண்டிருந்தார். பெரியவள் சொன்ன சொல் தவறாமல் சுவரோடு சுவராக நின்றாள்.

அன்று எல்லாமே அவளுக்கு ஒத்தாசையாக நடந்தது. பெண் வீட்டு ஆட்கள் கொஞ்சம் பேர்தான் வந்திருந்தார்கள், அவர்களும் அவளைத் தொந்தரவு செய்யவில்லை. சித்தி எதிரே வந்தாள், பாதிச் சிரிப்பு சிரித்துவிட்டு வேகமாகப் போய்விட்டாள். மாமா, "வேலையப் பாரும்மா, வேலையப் பாரு" என்று காதருகில் சொல்லிவிட்டு நகர்ந்தார். சித்தப்பா மகன் தூரத்தில் பார்த்ததும் போனை எடுத்துக் காதில் வைத்துக்கொண்டான். வழக்கமாகச் சொந்தக்காரர் கல்யாணம் என்றால், "எனக்கு ஒண்ணு எடு, என் பேரனுக்கு ஒண்ணு எடு" என்று பிய்த்து எடுத்துவிடுவார்கள். இன்று எவ்வளவு நாகரிகமாக நடந்துகொள்கிறார்கள் என்று நினைத்தாள். அப்பா யாரிடமோ சொல்லிவைத்திருக்கிறார் என்றும் தோன்றியது. அதில் தப்பில்லை. அப்பா சொல்லித்தான் வைத்திருந்தார்.

சின்னவளும் கொடுத்த வாக்கைக் காப்பாற்றினாள். மேக்கப் அறையில், மேடைப் படியில், மோதிரம் மாற்றும்போது, எங்கேயும் ஒரு தடவைகூட அக்கா பக்கம் திரும்பவில்லை. பெரியவளுக்கு உள்ளுக்குள் சிரிப்பு. நாக்கு துருதுருவென்று இருக்கும், கழுதை எப்படி அடக்கிக்கொண்டு நிற்கிறது பார் என்று நினைத்துக்கொண்டு எடுத்துத் தள்ளினாள். ஒவ்வொரு படமும் அச்சில் வார்த்தது போல் விழுந்தது.

மதியச் சாப்பாட்டுக்குச் சற்று முன்னால் மாமா வந்து, "வாசல்ல கார் அலங்காரம் வாடிப் போறதுக்குள்ள எடுத்துடுவியாம், அப்பா சொன்னார்" என்றார். அப்பா சொன்னார்! பெரியவள் ஓடினாள். காரைச் சுற்றிச் சுற்றி எடுத்தாள், பூவைக் கிட்டப்போய் எடுத்தாள், கண்ணாடியில் தெரிந்த மண்டப வாசலையும் சேர்த்து எடுத்தாள். திரும்பி வந்தபோது அப்பாவும் அம்மாவும் மேடையிலிருந்து இறங்கிக்கொண்டிருந்தார்கள்.

"குடும்பப் படம் ஆச்சா?" என்று மேடைக்காரரைக் கேட்டாள்.

"ஆச்சு மேடம். பொண்ணு வீட்டுல கச்சிதமா மூணே பேரு. ஒரே கிளிக்."

பெரியவள் தோளில் தொங்கிய பையைத் தொட்டுப் பார்த்தாள். இன்னொரு தடவை எடுப்பார்களாக இருக்கும், சாப்பாட்டுக்கு அப்புறம் என்று சொல்லியிருப்பார்கள், எனக்குத்தான் காதில் விழவில்லை. இப்படித் தனக்குத்தானே பூசி மெழுகிக்கொண்டு மறுபடி சுவரோரம் போய் நின்று கேமராவைக் கண்ணில் வைத்தாள். மேடையில் சின்னவள் யாரிடமோ பேசிச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

"ஏம்மா, நீங்க சாப்பிட்டீங்களா?"

பக்கத்தில் ஒரு குரல். மாப்பிள்ளையின் அம்மா. பருத்த உடம்பு, நடக்கும்போதே மூச்சிரைப்பு, கையில் ஒரு டம்ளர் மோர். அன்று காலையிலிருந்து அவளைப் பார்த்துச் சாப்பிட்டாயா என்று கேட்ட முதல் ஆள் அந்த அம்மாதான்.

"அப்புறம் சாப்பிடறேங்க" என்றாள் பெரியவள், கண்ணைக் கேமராவிலிருந்து எடுக்காமல்.

"காலையிலேருந்து பாக்கறேன், பூனை மாதிரி ஒரு சத்தம் இல்லாம எடுக்கறீங்க. நல்லா எடுங்கம்மா. இந்தப் பொண்ணோட அக்கா பாக்கணும்ல? அவங்க வராதது ஒண்ணுதான் குறை. வெளிநாட்டுல புருஷனுக்கும் அவங்களுக்கும் லீவே கிடைக்கலையாம், பாவம். தங்கச்சி கல்யாணத்தக்கூடப் பாக்கக் குடுத்து வைக்கல."

மேடையில் சின்னவள் அந்த நேரம் திரும்பினாள். மாமியார் அக்காவின் பக்கத்தில் நின்று பேசுவதைப் பார்த்தாள். சிரிப்பு அப்படியே நின்றது. கண் நேராக லென்ஸுக்கு வந்தது.

பெரியவளின் விரல் பழக்கத்தில் அழுத்திவிட்டது.

"மோராவது குடிங்க" என்று டம்ளரை அவள் கையில் திணித்துவிட்டு மாப்பிள்ளையின் அம்மா போய்விட்டார்.

மணப்பெண் அறையில் அம்மா தனியாக உட்கார்ந்து நகைப்பெட்டிகளை மூடிக்கொண்டிருந்தாள். பெரியவள் உள்ளே போய் டம்ளரை மேஜைமேல் வைத்தாள்.

"நான் எந்த நாட்டுலம்மா இருக்கேன்?"

"என்னது?"

"லீவு கிடைக்கலையாமே எனக்கு. எந்த நாடுன்னு சொல்லி வச்சிருக்கீங்க? யாராவது கேட்டா நானும் மாத்திச் சொல்லிடக் கூடாதுல்ல?"

அம்மா எழுந்து கதவைச் சாத்தினாள். முதல் வேலையாகக் கதவைச் சாத்தினாள், அதுதான் பெரியவளுக்குப் பொறுக்கவில்லை.

"கத்தாதடி. நல்ல காரியம் நடக்கற இடம். இன்னைக்கு ஒரு நாள் பொறுத்துக்கோ."

"எத்தனை நாள் பொறுக்கணும்னு நான் கேக்கல. ஏன் என்கிட்ட சொல்லல? அப்பா யோசனையா இது?"

அம்மா ஒரு பெட்டியின் கொக்கியைப் போட்டாள். அது சரியாக மாட்டவில்லை, திரும்பத் திரும்பப் போட்டாள்.

"அப்பா நீ வரவே வேண்டாம்னார். உன் தங்கச்சிதான் ரெண்டு நாள் சாப்பிடாம அழுதா, அக்கா இல்லாம நான் எப்படி மேடையில நிப்பேன்னு. அப்புறம் அவளே ஒரு வழி சொன்னா. கேமராவுக்குப் பின்னாடி இருக்கறவங்கள யாரும் பாக்க மாட்டாங்க, அக்கா ஆசை தீர என்னப் பாத்துக்கட்டும், அவங்க வீட்டுக்கும் தெரிய வேண்டாம்னா. அப்பாவும் சரின்னுட்டார். உன் மேல பிரியம் இல்லாமயா அவ அப்படிச் சொன்னா?"

அப்பா செய்திருந்தால் பெரியவள் இன்னும் கொஞ்சம் வெறுத்துவிட்டுப் போயிருப்பாள். அம்மா செய்திருந்தால், அவள் எப்போதுமே இப்படித்தான் என்று ஆறியிருப்பாள். இது சின்னவள். சோபாவின் நூலை இழுத்துக்கொண்டே, மூன்று வகையையும் பொறுமையாகக் கேட்டு, அதில் அக்காவை ஒளித்துவைக்க எது தோதுப்படும் என்று பார்த்துப் பொறுக்கி எடுத்திருக்கிறாள். அக்காவின் வாயாலேயே கற்றுக்கொண்டு அக்காவின் கழுத்தை அறுத்திருக்கிறாள். அதற்கு இவள் கட்டிப்பிடித்து வேறு அனுப்பினாள்!

"போய் வேலையப் பாரும்மா" என்றாள் அம்மா மெதுவாக. "சாயங்காலம் முடிஞ்சதும் எல்லாம் பேசிக்கலாம்."

பெரியவள் போய் வேலையைப் பார்த்தாள். வேறு என்ன செய்வது? மேடையில் ஏறி, "நான்தான் இவளுக்கு அக்கா" என்று கத்தலாம். கத்தினால் அங்கே உடையப் போவது தங்கையின் வாழ்க்கை என்று அவளுக்குத் தோன்றியது, அவ்வளவு கோபத்திலும் தோன்றியது. சாயங்காலம் வரை எடுத்தாள். சின்னவள் காரில் ஏறும்போது அம்மாவைக் கட்டிக்கொண்டு அழுததை எடுத்தாள், அப்பா கண்ணாடியைக் கழற்றித் துடைத்ததை எடுத்தாள். கார் அலங்காரத்தைத்தான் ஏற்கனவே எடுத்தாகிவிட்டதே. கார் போன பிறகு யாரும் எதுவும் பேசிக்கொள்ளவில்லை. மயில் நிறப் புடவை மடிப்புக் கலையாமல் அவளோடு வீடு திரும்பியது.

பல நாள் அந்தப் படங்களைத் திறக்கவில்லை. வேறு கல்யாணங்களை முடித்துக் கொடுத்தாள். கடைசியில், கொடுக்க வேண்டிய வேலை கொடுக்க வேண்டியதுதானே என்று ஒரு காலையில் திரையின் முன் உட்கார்ந்தாள். படங்கள் அருமையாக வந்திருந்தன, அதுதான் இன்னும் எரிச்சல். ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டே போனபோது ஒரு விஷயம் மெல்லப் புரிந்தது. சின்னவள் வெறுமனே பார்க்காமல் இருக்கவில்லை. அக்கா இடப்பக்கம் நின்றபோது முகத்தை வலப்பக்கம் வைத்திருந்தாள், வலப்பக்கம் போனால் இடப்பக்கம். கேமரா எங்கே இருக்கிறதென்று ஒவ்வொரு நொடியும் அவளுக்குத் தெரிந்தே இருந்திருக்கிறது. மூக்கில் வேர்த்துக்கொண்டே இருந்திருக்கிறது. அசல் என்று பெரியவள் நம்பி எடுத்த அத்தனையும் பார்த்தால் இரண்டாவது வகை. என்ன, சொல்லிச் செய்ய வைத்தவள் போட்டோக்காரி இல்லை, மணப்பெண்.

ஒரே ஒரு படத்தில் மட்டும் கண் கேமராவுக்கு வந்திருந்தது. பாதியில் நின்ற சிரிப்பு, லேசாகப் பிளந்த உதடு, விரிந்த கண். பயம்தான் அது, வேறொன்றுமில்லை. தொழில் கணக்குப்படி அது செத்த படம். பெரியவள் அழிக்கப் போனாள், கை போகவில்லை. அந்த நாள் முழுவதிலும் தங்கை அவளைப் பார்த்தது அந்த ஒரு படத்தில்தான். அதையும் அழித்துவிட்டால் அந்தக் கல்யாணத்தில் அவள் இருந்தாள் என்பதற்கு ஒன்றுமே இருக்காது. மற்றப் படங்களோடு அதையும் சேர்த்து வைத்தாள்.

ஆல்பத்துக்குப் படம் பொறுக்க மாப்பிள்ளையின் அம்மா தானே வருவதாகச் சொல்லியனுப்பினார். மருமகளையும் கூட்டிக்கொண்டு, மாடிப்படியில் இரண்டு இடத்தில் நின்று நின்று ஏறி வந்தார். பெரியவள் கதவைத் திறந்தாள். சின்னவள் புதுச் செருப்பு, புதுக் கைப்பையோடு மாமியாருக்குப் பின்னால் நின்றாள்.

"வணக்கம் மேடம்" என்றாள்.

மேடம். நாக்கு கொஞ்சமும் தடுமாறவில்லை. பெரியவள் வழிவிட்டு, "வாங்க" என்றாள்.

மாப்பிள்ளையின் அம்மாவுக்கு ஒவ்வொரு படமும் ஒவ்வொரு அதிசயம். "ஐயோ, எங்க வீட்டுக்காரர் இப்படிக்கூடச் சிரிப்பாரா!" என்று கையைத் தட்டினார். சின்னவள் சோபாவின் அதே ஓரத்தில் உட்கார்ந்திருந்தாள். பிய்ந்த நூல் அங்கேயே இருந்தது, ஆனால் அவள் தொடவில்லை. "மேடம், அடுத்தது." "மேடம், இது வேண்டாம்." ஒவ்வொரு மேடமும் பெரியவளுக்கு ஊசி இறங்குவது போல் இருந்தது.

அப்போது அந்தப் படம் திரையில் வந்தது. சின்னவளின் முகம் வெளுத்துப் போனது. நல்ல வேளையாக, அவளுக்கு நல்ல வேளையாக, மாமியாரின் போன் அடித்தது. உள்ளே சத்தம் சரியாகக் கேட்கவில்லை என்று அந்த அம்மா படிக்கட்டுப் பக்கம் போனார்.

"அக்கா" என்றாள் சின்னவள் கிசுகிசுப்பாக. "அந்தப் படத்த எடுத்துடுக்கா. ப்ளீஸ்."

"இப்ப அக்காவா?"

"திட்டு, எவ்வளவு வேணும்னாலும் அப்புறம் திட்டு. முதல்ல அத அழிச்சுடு."

"ஏன்?"

"அதுல நான் உன்னப் பாக்கறேன்." சின்னவளின் கண்ணில் நீர் தளும்பியது. "எல்லாருக்கும் தெரிஞ்சுடும்க்கா."

"நீ கேட்டியே மூணாவது வகை, அதுல எதையும் அழிக்கறதில்ல. நீதானே யோசிச்சுச் சொன்ன?"

"என் நிலைமை உனக்குப் புரியாதா? நீ வரணும்னுதானே நான் அப்படிச் செஞ்சேன்!"

"நான் வரலையே. எனக்கு லீவு கிடைக்கலையே."

சின்னவள் வாயைத் திறந்தாள். படிக்கட்டில் செருப்புச் சத்தம் கேட்டதும் மூடிக்கொண்டாள். புறங்கையால் கண்ணைத் துடைத்து, பையை மடியில் சரியாக வைத்து, மறுபடி மருமகளாகிவிட்டாள். எவ்வளவு சீக்கிரம் ஆகிறாள் என்று பெரியவள் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மாப்பிள்ளையின் அம்மா மூச்சிரைக்க வந்து உட்கார்ந்தார். "என் நாத்தனார் பொண்ணும்மா போன்ல. மொதல் புருஷன் சரியில்ல, விவாகரத்து வாங்கி எங்க வீட்டோடதான் இருந்துச்சு. போன வருஷம் நாங்களே இன்னொரு நல்ல இடமா பாத்துக் கட்டி வச்சோம். இப்ப முழுகாம இருக்காளாம்! சரியில்லாதவன்கிட்ட இருந்து வந்தவள நாம தள்ளி வச்சா அவ எங்க போவா, சொல்லுங்க?"

கீழே தையல் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது.

பெரியவள் தங்கையைப் பார்த்தாள். சொல்லேன். இதைவிட ஒரு நேரம் வருமா? தலையைத் தூக்கி, "அத்தை, இவங்கதான் என் அக்கா" என்று நாலு வார்த்தை சொன்னால் போதும். அந்த அம்மா கொஞ்சம் திட்டுவார், அப்புறம் பெரியவள் கையைப் பிடித்துக்கொண்டு சாப்பிட்டாயா என்று கேட்பார். அப்பாவும் அம்மாவும் சின்னவளும் ஒருபோதும் பயப்பட வேண்டியிருக்கவில்லை. மாப்பிள்ளை வீட்டார் யாரும் பெரியவளை ஒளிக்கச் சொல்லவில்லை. வெட்கப்பட்டது சொந்த வீடுதான். பெரியவளுக்குத் தானே சொல்லிவிடலாமா என்று நாக்கு நுனி வரை வந்தது. அடக்கிக்கொண்டாள். சொல்ல வைத்து வாங்குகிற அக்கா அவளுக்கு வேண்டாம். சுவரோடு சுவராக நின்று காத்திருந்தாள்.

சின்னவள் மடியிலிருந்த பையின் கொக்கியைப் பார்த்துக்கொண்டே, "மேடம், அடுத்த படம் போங்க" என்றாள்.

"இரு இரு, இதப் பாக்கவே இல்லையே!" மாப்பிள்ளையின் அம்மா திரைக்குப் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். "அடடா, என்ன ஒரு பார்வைம்மா! புதுப்பொண்ணு பயம் அப்படியே கண்ணுல நிக்குது பாருங்க. யாரப் பாத்து இப்படி முழிக்கற? என் பையனத்தானே?"

"ஆமா அத்தை" என்றாள் சின்னவள்.

"இதுதான் எனக்கு வேணும். நல்லாப் பெரிசா போட்டுக் குடுங்க. எங்க கூடத்துல, உள்ள நுழைஞ்சதும் தெரியற மாதிரி மாட்டப் போறேன்."

"இது சரியான படம் இல்லைங்க" என்றாள் பெரியவள். அதை ஏன் சொன்னாள் என்று அவளுக்கே தெரியவில்லை. ஒருவேளை கடைசியாக ஒரு தடவை தங்கையைக் காப்பாற்றிப் பார்த்தாளோ என்னவோ. "கண் கேமராவுக்கு வந்துடுச்சு."

"அதனாலதாம்மா நல்லா இருக்கு! மத்த எல்லாத்துலயும் எங்கயோ பாத்துட்டு நிக்கறா. இதுல ஒண்ணுலதான் மனுஷியா இருக்கா." அந்த அம்மா எழுந்திருக்கப் போனவர் மறுபடி உட்கார்ந்தார். "ஆங், மறந்துட்டேனே. இதையே சின்னதா இன்னொண்ணு போடுங்க. இவளோட அக்காவுக்கு அனுப்பணும். கல்யாணத்துக்குத்தான் வர முடியல, தங்கச்சி முகத்தையாவது பாக்கட்டும். அட்ரஸ் சொல்லும்மா, எழுதிக்கட்டும்."

சின்னவள் அக்காவைப் பார்த்தாள். அதே கண், அதே பயம், பாதி திறந்த உதடு. இந்தத் தடவை நடுவில் கேமரா இல்லை.

"அப்புறம்..." என்றாள். "அப்புறம் அனுப்பறேன் மேடம்."

பெரிய படம் அந்த வீட்டுக் கூடத்துக்குப் போய்விட்டது. உள்ளே நுழைந்ததும் தெரிகிற மாதிரி மாட்டியிருப்பதாக மாப்பிள்ளையின் அம்மா போன் செய்து சொன்னார், வருகிறவர்களெல்லாம் நின்று பார்த்துவிட்டுத்தான் உட்காருகிறார்களாம். சின்னவள் தினமும் அதன் கீழேதான் எல்லோருக்கும் காபி எடுத்துக்கொண்டு போக வேண்டும். அதை நினைத்தால் பெரியவளுக்குச் சந்தோஷமாக இருக்க வேண்டும், ஆனால் இல்லை.

சின்னப் படம் அவள் ஸ்டுடியோவில், மேஜைக்குப் பக்கத்தில் சுவரில் சாய்ந்து நிற்கிறது. வருகிறவர்கள் யாராவது எடுத்துப் பார்த்து, இது யாருடையது என்று கேட்பதுண்டு.

"வெளிநாட்டுல இருக்கற ஒரு அக்காவுக்கு அனுப்ப வேண்டியது" என்கிறாள் பெரியவள். "இன்னும் அட்ரஸ் வரல."